எந்தச் சீமோன்டே?

ஏய் பேரப்புள்ள, வேதாகமக் கல்லூரிப் படி ஏறி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள பிரசங்கத்துக்குக் கூப்பிட்டுட்டாங்களாமே! பண்ணுடே, யாரு வேண்டாம்னா? ஆனா பேரைப் பாத்ததும் ஆளையே பாத்துட்டதா நெனைச்சிராத. அந்தக் காலத்து யூதேயாவுல ஆளுக்குப் பஞ்சமில்ல, பேருக்குத்தான் பஞ்சம்.

தேவதூதனே அதுல உசாரா இருந்திருக்கான். செசரியாவுல கொர்நேலியுன்னு ரோமப் படையில ஒரு நூற்றுக்கு அதிபதி. யோப்பாவுக்கு ஆளனுப்பி சீமோனைக் கூட்டியாரச் சொல்லி அவன்கிட்ட தூதன் வாரான். அவரு தங்கியிருந்தது யாரு வீட்டுலங்க? இன்னொரு சீமோன் வீட்டுல! அதனால தூதன், பேதுருன்னு மறுபேர் உள்ள சீமோன், இருக்கது தோல் பதனிடுத சீமோன் வீடு, வீடு கடலோரம்னு விலாவாரியா விலாசம் சொல்லிட்டுத்தான் கெளம்புதான். இல்லன்னா தோல்காரரு வந்து நின்னு, ஆட்டுத்தோலா மாட்டுத்தோலான்னு கேட்டிருப்பாரு. வானத்துல இருந்து வந்தவனே அவ்வளவு விசாரிச்சுப் பேசுதான். நீ என்னடான்னா பேரைச் சொல்லிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவுத.

நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடு. 2-ஆம் வசனத்துல ஏரோது ராசா யாக்கோபைப் பட்டயத்தால வெட்டிக் கொல்லுதான். 17-ஆம் வசனத்துல செறையில இருந்து தப்பி வந்த பேதுரு, இதை யாக்கோபுக்குச் சொல்லுங்கங்காரு. செத்தவருக்கா சேதி? வெட்டுப்பட்டவரு செபெதேயு மகன், யோவானோட அண்ணன் தம்பி. சேதி போனது ஆண்டவரோட சகோதரரு யாக்கோபுக்கு, எருசலேம் சபைக்குத் தலைமையா இருந்தவருக்கு. இவரு 62-ல் கல்லெறிபட்டுச் செத்ததை யூதச் சரித்திரக்காரரு யோசேபஸ் எழுதி வச்சிருக்காரு. அல்பேயு மகன் யாக்கோபு வேற தனியா இருக்காரு. அவரைப் பத்திச் சொல்ல ஒண்ணும் பெரிசா இல்ல, நீயும் இழுக்காத.

பிலிப்பு விசயத்துல பெரிய ஆளுகளே தடுக்கி விழுந்திருக்காவ. பன்னிரண்டு பேருல ஒரு பிலிப்பு. பந்தி விசாரிக்கத் தெரிஞ்செடுத்த ஏழு பேருல ஒரு பிலிப்பு. பின்னவருக்குத்தான் செசரியாவுல தீர்க்கதரிசனம் சொல்லுத நாலு பொம்பளப் புள்ளைங்க. அப்போஸ்தலர் பிலிப்பும் மகள்மாரும் எராப்போலியில அடக்கமாயிருக்காவன்னு எபேசுச் சபைத் தலைவரு பொலிக்கிராத்து ரெண்டாம் நூற்றாண்டுல எழுதினாரு. பொறவு வந்த சபைச் சரித்திரக்காரரு யூசேபியு அதையும் செசரியாப் பிள்ளைங்க கதையையும் ஒரே பக்கத்துல சேத்து வச்சுட்டாரு. எந்த மகள்மாரு எந்தப் பிலிப்புக்குன்னு இன்னும் பஞ்சாயத்துத் தீரல.

மகதலேனா மரியாள் பட்டபாடு அதைவிட மோசம். 591-ல் போப்பு கிரகோரி ஒரு பிரசங்கத்துல அவளையும், பெத்தானியா மரியாளையும், லூக்கா பேரே சொல்லாம விட்ட பாவியான ஸ்திரீயையும் ஒண்ணாக் கட்டிட்டாரு. ரோமாபுரிக்காரவ 1969-ல் திருநாள் பட்டியலைத் திருத்துத வரைக்கும் அந்தக் கட்டு அவுறல. ஒரு பிரசங்கத்தோட வினை எத்தனை வருசம் நிக்கும்னு கணக்குப் போட்டுக்க.

எப்பவும் கை தவறித்தான் சேக்காங்கன்னு நெனைக்காதடே, ஆதாயத்துக்கும் சேப்பாங்க. பவுல் பேச்சைக் கேட்டு விசுவாசிச்ச தியொனீசியு அத்தேனே ஊர்க்காரரு, முதலாம் நூற்றாண்டு. பாரிசுல தலை வெட்டுப்பட்ட தியொனீசியு மூணாம் நூற்றாண்டு. 500-ஆம் வருசத்தை ஒட்டி எவரோ முதல் தியொனீசியு பேரைப் போட்டு ஞான நூலுங்க எழுதி விட்டாரு. ஒம்பதாம் நூற்றாண்டுல, பாரிசு தியொனீசியு பேருல இருந்த மடத்துத் தலைவரு இல்துவின், மூணு பேரையும் ஒரே ஆளாக்கிட்டாரு. பவுலோட சீசனே தங்களோட மடத்துக்குக் காவல்னா மவுசு கூடாதா? மனுசன் 450 வருசம் ஆயுசோட இருந்திருக்கணுமேன்னு ஒருத்தரும் கேக்கல.

பன்னிரண்டாம் நூற்றாண்டுல அபெலார்டுன்னு ஒரு படிச்ச துறவி அந்த மடத்துலேயே இருந்தாரு. அத்தேனே தியொனீசியு கொரிந்துக்குத்தான் பேராயரா இருந்தாருன்னு பீட்டுங்குற பழைய சபைச் சரித்திரக்காரரு எழுதினதைக் காட்டி வேடிக்கையா வாயை விட்டாரு. மடமே கொதிச்சுப் போச்சு. ராசாகிட்ட ஒப்படைப்போம்னு மிரட்டினாங்க. மனுசன் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாரு.

அதனால, எந்தக் கோயில்ல பேசப் போனாலும், அந்தக் கோயில் யாரு பேருல இருக்குன்னு முதல்ல விசாரி. அந்தப் பேருல ரெண்டு ஆளு உண்டுன்னு சொல்லியே தீருவேன்னு நின்னியன்னா, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் கேட்டு வச்சுக்கிட்டுப் பிரசங்க பீடத்துல ஏறு.