ஆற்றிலும் ஒரு மண்டோர்

பாடாங் மேஹா பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நிற்கிற அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் மண்டோர் மட்டும் ஒழியவில்லை. நண்பர்கள் பத்துப் பேர் எங்கே கூடினாலும் அதில் ஒருவர் தானாகவே மண்டோராகிவிடுகிறார். நியமனக் கடிதம் கிடையாது, சம்பளம் கிடையாது, குரல் மட்டும் உண்டு.

அவரை முழு உருவத்தில் பார்க்க வேண்டுமானால் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை செடிமுக்குப் போக வேண்டும். கூலிம் மாவட்டத்தில், காராங்கான் தாண்டி, பிந்தாங் மலையடிவாரத்தில் பாறைக்குப் பாறை குதித்து வருகிற ஆறு. மாலையில் இடிமழை பிடிக்கும் காலம் என்பதால் காலையிலேயே ரப்பர் படகில் இறங்கிவிட வேண்டும். பெயர்தான் ரப்பர் படகு. பெரும்பாலும் பிளாஸ்டிக் பூசிய துணி. நம் தோட்டங்களும் அப்படித்தானே, பேச்சில் ரப்பர், மண்ணில் செம்பனை.

படகு ஏறுவது ஒன்பது மணிக்கு. மண்டோர் பெரட்டு வைப்பது ஐந்தரைக்கு. வந்தவனை "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்பார், வராதவன் வீட்டு வாசலில் காடியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். தாமானே எழுந்துவிடும், அவன் மட்டும் எழமாட்டான். மண்டோரின் பையில் கயிறு, டார்ச் லைட், கோடாலித் தைலம், எல்லாருக்கும் நாசி லெமாக். மாற்றுத் துணி மட்டும் இருக்காது. நனைவது தொழிலாளிகளின் வேலை என்பது அவர் எண்ணம்.

படகோட்டி பக்கத்துக் கம்பத்துப் பையன். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும், எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும் என்று மலாயில் விளக்குகிறான். இந்த நாட்டில் பிறந்து, இங்கேயே படித்த எங்களுக்கு மண்டோர் அதை மொழிபெயர்க்கிறார்: "விழாதீங்கடா, அவ்வளவுதான்."

பாய்ச்சலான ஆறுகளை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 6 என்றால் உயிரோடு விளையாட்டு. முதல் குலுக்கலிலேயே மண்டோர், "இது ஆறுதானே?" என்று கேட்டார். "ரெண்டு, ஆனே" என்றான் பையன். மண்டோர் அதை ஏற்கவில்லை.

பின்னால் உட்கார்ந்து திசை பார்ப்பவன் பையன். "ஃபார்வர்ட்!" என்பான் அவன். "இருங்கடா!" என்பார் இவர். பாதிப் பேர் துடுப்புப் போட, பாதிப் பேர் நிறுத்த, படகு தட்டாமாலை சுற்றும். "ஆனே, டுடோக்!" என்று பையன் கெஞ்சுவான். உட்கார்ந்தால் அவர் மண்டோரா?

படகு பக்கவாட்டில் பாறையில் மோதினால், எல்லாரும் பாறைப் பக்கமே பாய்ந்து பாரம் போட வேண்டும். விலகினால் மேலிருந்து வரும் நீர் மறுவிளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். பையன் அதைத்தான் கத்தினான். மண்டோர், "பாறைகிட்ட போகாதீங்க, எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக நாங்கள் ஒருவர் விடாமல் அவர் பேச்சைக் கேட்டோம்.

தண்ணீரில் தலைகள் எழுந்தன. அந்த நிலையிலும் பெரட்டு நடந்தது. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து எண்ணியபோது ஆளுக்கு ஆள் தன்னை மறந்தார்கள். இவரிடம் அந்தக் குறை வராது. ஒன்று என்பதே இவர்தான். கணக்குச் சரியாக வந்தது. நாங்கள் விழுந்து எழுந்த இந்தச் செடிம் போய்ச் சேருவது மூடா ஆற்றில். அந்தத் தண்ணீருக்குக் கெடா காசு கேட்பதும் பினாங்கு மறுப்பதும் ஓயாத தகராறு. மண்டோர் குளித்த தண்ணீருக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம்.

ஆனால் ஒன்றில் அவரைக் கேலி செய்ய முடியாது. கெபாலா ஆயர். மலையில் மழை பெய்யும், கீழே வெயில் அடிக்கும், நொடியில் பெருவெள்ளம் வந்து நிற்கும். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையடியில், யான் வட்டாரத்தில், உயிர்களைக் கொண்டுபோனது இந்த மாதிரி வெள்ளம்தான். நாங்கள் பாறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, தண்ணீர் கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். "ஏறுங்கடா மேல!" என்று அவர் போட்ட சத்தத்தில் அறிமுகமே இல்லாத இரண்டு குடும்பங்களும் பாய் சுருட்டிக் கரையேறின. வெள்ளம் வரவில்லை. அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

திரும்பும் வழியில் நாசி கண்டார் கடை. பில்லைப் பத்தாகப் பிரித்து, சில்லறை வரை வசூலித்த கையோடு அறிவிப்பு வந்தது: "அடுத்த மாசம் கோப்பெங். பேராக் தூரம், அதனால பெரட்டு நாலு மணிக்கு. அட்வான்ஸ் அம்பது வெள்ளி, இப்பவே வை."

"இனிமே இந்த ஆளோட எங்கேயும் வரக் கூடாதுடா" என்று முனகிக்கொண்டே எல்லாரும் பர்ஸை எடுத்தோம்.