ஓமலூரில் சாப்பிட்டுவிட்டு ஏறவும்

சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஓமலூரை ஒட்டிய கமலாபுரத்தில் இருக்கிறது. 1993இல் திறந்தார்கள். விமானம் வந்த காலத்தைவிட வராத காலமே அதிகம். 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்து சேர்ந்தன. இப்படிப்பட்ட இடத்தில் கேன்டீன் நடத்துபவருக்குச் சமையலைவிட ஜோதிடம் தெரிந்திருப்பது நல்லது. வந்து போவது எழுபது பேர் சொச்சம் ஏறும் ஏ.டி.ஆர். விமானம், அது ரத்தானால் வாங்கி வைத்த பால் மறுநாள் தயிர். இங்கே உண்ணுமிடம் தேட வேண்டியதில்லை. கட்டடம் சிறியது, நின்ற இடத்திலிருந்தே தேடி முடித்துவிடலாம்.

தேடல் என்பது சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்குகிறது. பாதுகாப்புச் சோதனைக்கு முன்னே சாப்பிடுவதா, பின்னே சாப்பிடுவதா என்பது முதல் குழப்பம். முன்னே சாப்பிட்டால் விமானம் போய்விடுமோ என்ற பயம். பின்னே போனால் விலைப்பட்டியல் தரும் பயம். கடைக்காரர் வாடகையும் கட்டி, விற்பனையில் பங்கும் நிலையத்துக்குக் கொடுப்பதால் இட்லி மூன்று இலக்கத்தைத் தொடுகிறது.

இதில் அதிகம் நோவது நாமக்கல்காரர் மனம். முட்டைக்குத் தினமும் பண்ணை விலை அறிவிக்கும் ஊர் அது. ஐந்து காசு ஏறினால்கூடச் செய்தி. அவர் ஆம்லெட் விலையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இதுல எத்தன முட்டைங்க?” என்பார். “ரெண்டு சார்.” அதற்குமேல் பேச்சில்லை. அந்தக் காசுக்கு ஊரில் முப்பது முட்டை கொண்ட ஓர் அட்டையே வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு டீயோடு நிறுத்திக்கொள்வார்.

அடுத்த வழி லவுஞ்ச். சில வங்கி அட்டைகளைத் தேய்த்தால் 2 ரூபாய்தான் பிடிப்பார்கள் என்ற சேதி ஊரெல்லாம் பரவியதில், வாசலில் ரேஷன் கடை வரிசை. உள்ளே நுழைந்து தட்டை எடுக்கும்போது கடைசி அழைப்பு கேட்கும்.

கட்டுச்சோறு பழைய வழி, கெட்டியான வழியும்கூட. புளிச்சோறும் பொடி தடவிய இட்லியும் சோதனையைத் தாண்டிவிடும். வெளிநாட்டு விமானமென்றால் சட்னியும் சாம்பாரும் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. சேலத்துத் தட்டுவடை பயணம் செய்யும், தட்டுவடை செட் பயணம் செய்யாது. தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் வைத்த கையோடு வாயில் போடாவிட்டால் நமுத்துப் போகும்.

2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடையைத் திறந்தார்கள். கொல்கத்தாவுக்கு அடுத்து இரண்டாவது. டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20 என்று அறிவித்தார்கள். நாமக்கல்காரருக்கும் கட்டுப்படியாகும் விலைதான். ஆனால் பசி சமோசாவோடு அடங்குவதில்லை. ஆகவே கமலாபுரத்தில் ஏறுபவர்கள் ஓமலூரிலேயே இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, கையில் ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டு கிளம்பவும்.