ஏர் பிடித்த குடும்பம்

உத்திரமேரூரில் சித்திரை, வைகாசியில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான். மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி அந்தத் தொண்டைச் சம்பளமில்லாமல் செய்கிறது. ஆனாலும் மார்கழி என்று ஒன்று வருகிறதே! விடியுமுன் தலைக்குக் குளித்துக் கோலம் போடுகிறவர் என் மனைவி. ஆகவே மாடியில் சோலார் ஹீட்டர் ஏறியது.

அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "போர் தண்ணி உப்பு மாமா. ட்யூப்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். சர்வீஸ் பண்ணணும்" என்றார் மச்சான். அவர் பிளம்பர், மனைவியின் தம்பி. இரண்டாவது தகுதியில்தான் வேலை அவருக்குக் கிடைத்தது.

கழற்றினார், கழுவினார், மாட்டினார். வேலை தெரிந்தவர்தான். வெயிலில் காய்ந்து கிடக்கும் கண்ணாடி ட்யூபில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று, பொழுது சாய்ந்து சூடு ஆறிய பிறகே தண்ணீர் நிரப்பினார். மறுநாள் நல்ல வெயில். அதற்கடுத்த விடியற்காலை குழாயைத் திறந்தால் ஒரு செருமல், இரண்டு சொட்டு, அவ்வளவுதான்.

வைத்தியம் சொல்ல ஊரே வந்தது. ஈசானி மூலையில் கனம் ஏற்றிவிட்டேன் என்றார் மாமனார். "ஃபியூஸ் பாத்தீங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் ஹீட்டருக்குக் கரண்டே கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் அதன் எந்திரம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் அக்கா மகன் வீடியோவில் வந்தான். அங்கே வெந்நீர் குளிக்க மட்டுமில்லை. பாய்லரிலிருந்து அறைக்கு அறை ரேடியேட்டருக்குள் ஓடி வீட்டையே காய்ச்சுகிறது. சர்வீஸுக்காகத் தண்ணீரை வடித்து நிரப்பினால் அங்கேயும் இதே வம்புதானாம். ரேடியேட்டரின் அடிப்பாகம் சுடும், தலை ஜில்லென்றிருக்கும். தலையில் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னச் சாவியால் திருகினால் உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப்பார்க்கும், உடனே மூடிவிட வேண்டும். பிறகு பாய்லரில் அழுத்தம் ஒன்றிலிருந்து ஒன்றரை பார் வரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "உங்க பிரஷர் எவ்வளவு மாமா?" என்றான். எனக்கு 150/90. ஹீட்டருக்கு எவ்வளவு என்று யாரைக் கேட்பது?

கணக்குப் போட்டால் பரிதாபம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார். எங்கள் ஹீட்டர் குளியலறைக் குழாய்க்கு மேலே மூன்று மீட்டர்கூட இல்லை. வெந்நீர்க் குழாயோ கைப்பிடிச் சுவர்மேல் ஏறி வளைந்து இறங்குகிறது. அந்த வளைவில் காற்று சம்மணம் போட்டுவிட்டால், இந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு அதை எழுப்ப முடியாது.

ஆயுசு முழுக்க பம்புசெட்டோடு மல்லுக்கட்டிய எதிர்வீட்டுப் பெரியவர்தான் எழுப்பினார். "ஏர் புடிச்சிருக்குது. கொஞ்சம் ஓஸ் கொண்டா." மோட்டார் லைனிலிருந்து ஓஸை இழுத்து வெந்நீர்க் குழாயின் வாயில் துணி சுற்றிச் செருகினார். மோட்டார் போட்டோம். தண்ணீர் தலைகீழாக ஏறி, மாடியில் ஏர் பைப் வழியாகக் காற்றைக் கடகடவென்று துப்பியது. ஓஸைப் பிடுங்கியதும் வெந்நீர், கூடவே மச்சானுக்குத் தப்பிய சுண்ணாம்பும்.

மச்சானின் பில்லில் "இதர செலவு 650" என்றிருந்தது. என்ன இதரம் என்று கேட்டால் சிரிக்கிறார். நான் சும்மா விடுவேனா? முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல், கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று கல்லில் வெட்டிய ஊர் இது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. இனி நம் வீட்டு வாரியங்களுக்கு உன் தம்பி தகுதியில்லை என்று மனைவியிடம் அறிவித்தேன்.

"முழுசா படிச்சீங்களா?" என்றார் அவர். படித்தேன். விலக்கு ஆளோடு நிற்கவில்லை; கணக்குக் காட்டாதவனின் அப்பன், பிள்ளை, மாமனார் என்று நீண்டு, உடன்பிறந்தாளின் கணவன் வரைக்கும் வருகிறது.

650 ரூபாயைக் கொடுத்துவிட்டேன்.