கிளைக்கும் பில் போடலாமா?

கேள்வி: எங்க பம்ப் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் கணபதியில, கிளைங்க பெங்களூருலயும் கொச்சியிலயும் இருக்குதுங்க. சர்வர், சாஃப்ட்வேர், அதைப் பார்த்துக்கற ஆளுங்க சம்பளம் எல்லாமே எங்க தலையிலதான். சொந்தக் கிளைகிட்டயே காசு கேக்கலாங்களா?
– வாசகர், கோவை – 6

பதில்: தாராளமாகக் கேளுங்கள். பங்குக் கிணற்றில் அண்ணன் தம்பிகளே முறை வைத்துத்தானே இறைக்கிறார்கள்? சும்மா கிடைத்தால் கொச்சிக்காரர் ஆளுக்கு இரண்டு லேப்டாப் கேட்பார்.

விற்பனையை வைத்துச் செலவைப் பிரிக்காதீர்கள். அது நன்றாக விற்றவருக்கு அபராதம். எத்தனை லாகின், எவ்வளவு சேமிப்பிடம் என்று எண்ணிப் பிரியுங்கள்.

ஜிஎஸ்டிக்கோ வேறு மாநிலக் கிளை வேற்று ஆள்தான். ஆனாலும் 17.7.2023 தேதியிட்ட 199ஆம் சுற்றறிக்கை இரக்கமுள்ளது: கிளைக்கு உள்ளீட்டு வரி வரவு முழுதாகக் கிடைக்குமானால், உங்கள் சொந்தச் சேவைக்கு நீங்கள் பில்லில் எழுதும் தொகையே சந்தை மதிப்பு. பில்லே போடாவிட்டால் மதிப்பைப் பூஜ்யமாகவே கொள்ளலாம். ஊழியர் சம்பளத்தைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

வெளியாரிடம் வாங்கி எல்லாக் கிளையும் பயன்படுத்தும் சேவை வேறு கதை. 1.4.2025 முதல் அதன் வரி வரவை ஐஎஸ்டி (உள்ளீட்டுச் சேவைப் பகிர்வாளர்) பதிவு எடுத்துத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள்.

முதல் ஆறு மாதம் கணக்கை மட்டும் அனுப்புங்கள், காசு பிடிக்க வேண்டாம். பாதி லாகின்களைக் கிளைக்காரரே திருப்பிக் கொடுத்துவிடுவார்.