வீராணம் ஏரிக்கரையைத் தாண்டாதவர்

“கேட்டாச்சா?”

லிங்க் மாமா போனில் நலம் விசாரிக்கும் வழக்கம் இல்லாதவர். எடுத்ததும் இதுதான். எதைக் கேட்டாச்சா என்று நாம் திருப்பிக் கேட்டால் மனம் புண்படும். வேறு எதை? நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவர் அனுப்பிய பொன்னியின் செல்வன் ஒலிநூலைத்தான். அதற்கு முந்தின நாள் அனுப்பியதும் பொன்னியின் செல்வன்தான், ஆனால் அது வேறு குரல். போன வாரம் வந்தது இன்னொரு குரல், புல்லாங்குழல் சேர்த்தது. இடையில் ஒன்று கம்ப்யூட்டர் குரலில் வந்தது. அதில் சோழ நாடு முழுக்க சோள நாடாகவே இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ரிட்டயர் ஆனவர், சொந்த வீடு, பிள்ளைகள் வெளியூரில். இணையத்தில் எங்கே எது சும்மா கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. சினிமா மேல் ஆசை விட்டுப்போய், பாட்டும் அலுத்து, இப்போது ஒலிநூலில் வந்து நிற்கிறார். ‘ஃப்ரீ டவுன்லோட்’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அவர் விரல் தானாகப் போய் அமுக்கிவிடும்.

மாமா சேர்த்து வைத்திருப்பதில் பாதிக்கு மேல் பொன்னியின் செல்வன். தமிழில் ஒலிநூல் செய்ய மைக் வாங்கும் யாரும் முதலில் அதைத்தான் வாசிக்கிறார்கள். கல்கி எழுத்து நாட்டுடைமை, யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்பவர்களுக்கும் கதை தெரியும். ஆகவே இணையம் முழுக்க வந்தியத்தேவன்கள் குதிரையில் வந்துகொண்டே இருக்கிறார்கள். அத்தனை பேரையும் மாமா தன் போனில் இறக்கி வைத்திருக்கிறார்.

முதல் அத்தியாயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆடிப் பதினெட்டு, வீராணம் ஏரிக்கரை, குதிரை மேல் வந்தியத்தேவன். இந்த ஒரு காட்சியை யார் யார் எப்படி எப்படி வாசித்திருக்கிறார்கள் என்று அவர் மணிக்கணக்கில் பேசுவார்.

“இந்தம்மா ஏரின்னு சொல்றப்ப பாரு, தண்ணி கண்ணுல தெரியும்.”

“இவன் அவசரக்காரன்ப்பா. கல்கி குதிரைய மெதுவா நடக்க விடுறாரு, இவன் விரட்டுறான்.”

“இதுல குளம்புச் சத்தமெல்லாம் போட்டிருக்கான். ஆனா சிரட்டையத் தட்டுற மாதிரி இருக்கு. நீ கேட்டுட்டுச் சொல்லு.”

இவ்வளவு நுட்பமாகக் கேட்கிறாரே என்று எனக்கு வெகுநாள் மரியாதை இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, “மாமா, அந்த ஆழ்வார்க்கடியான் நம்பி சண்டை போடுற இடம், அதை யாரு நல்லா வாசிச்சிருக்காங்க?” என்றேன். மாமா வடையைப் பிட்டுக்கொண்டே யோசித்தார். “அது யாரு, வில்லனா?” என்றார்.

ஆழ்வார்க்கடியான் இரண்டாம் அத்தியாயத்தில் வருபவன். அத்தியாயத்தின் தலைப்பே அவன் பெயர்தான்.

கதை மொத்தம் 5 பாகம், 293 அத்தியாயம். முதல் பாகத்தில் மட்டும் 57. வந்தியத்தேவன் கடம்பூர் போக வேண்டும், தஞ்சாவூர் போக வேண்டும், பழையாறை, கோடிக்கரை, கடலைத் தாண்டி இலங்கை. மாமாவின் போனில் அவன் இன்னும் ஏரிக்கரையிலேயே நிற்கிறான். எப்போதெல்லாம் கதை நகரப் பார்க்கிறதோ, அப்போதெல்லாம் மாமாவுக்கு இன்னொரு குரலில் இன்னொரு லிங்க் கிடைத்துவிடுகிறது. அதையும் முதலிலிருந்துதானே கேட்க வேண்டும்?

இங்கிலீஷிலும் இதே கதைதான். லிப்ரிவாக்ஸ் என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவரே மாமாதான், அந்த நன்றியை மறுக்க முடியாது. 2005இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹ்யூ மெக்குவையர் என்பவர் தொடங்கியது. உரிமைக் காலம் முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து வாசித்துப் போடுவார்கள். கேட்பவர் காசு தர வேண்டாம், வாசிப்பவருக்கும் காசு கிடையாது. முதலில் முடிந்த புத்தகம் ஜோசஃப் கான்ராட்டின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’. இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வாசிக்க வருபவருக்குக் குரல் தேர்வு கிடையாது என்பது அவர்கள் கொள்கை. ஒரு புத்தகத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. அதனால் ஒரே நாவலில் கதாநாயகன் ஒரு அத்தியாயத்தில் லண்டன்காரனாகவும் அடுத்ததில் டெக்சாஸ்காரனாகவும் பேசுவான். கொஞ்சம் பழகிவிட்டால் அதுவும் ஒரு ருசிதான்.

அங்கே ஒவ்வொரு ஒலிக்கோப்பின் தொடக்கத்திலும் ஓர் அறிவிப்பு வரும். இது லிப்ரிவாக்ஸ் பதிவு, இது பொதுச்சொத்து, நீங்களும் வாசிக்க வரலாம் என்கிற ரீதியில். மாமாவுக்கு அந்த அறிவிப்பு அட்சரம் பிசகாமல் மனப்பாடம். அமெரிக்க உச்சரிப்பில் ஒரு தடவை, பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒரு தடவை சொல்லிக் காட்டுவார். அதற்கு அப்புறம் ஷெர்லாக் ஹோம்ஸ் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சரி, கேட்காவிட்டால் போகிறது. குறையாவது சொல்லாமல் இருக்கலாமல்லவா? “இவன் மூக்கடைச்சிக்கிட்டு வாசிக்கிறான். இந்தப் பொண்ணு பின்னாடி நாய் குரைக்குது. இன்னொருத்தன் எச்சில் முழுங்குற சத்தம்கூடக் கேக்குது.” உலகத்தின் எங்கோ ஒரு மூலையில், ஒரு பைசா வாங்காமல், ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையோடு உட்கார்ந்து வாசித்த ஒருவருக்கு எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்து கிடைக்கும் சன்மானம் இது.

இலவசத்துக்கு அவர் செய்யும் செலவைச் சொல்லியாக வேண்டும். ஒலிநூல் செயலி ஒன்றுக்கு மாதம் ஒரு நெய் ரோஸ்ட் விலை கட்டச் சொன்னால், “படிக்கிறதுக்குக் காசா?” என்று பொங்குவார். ஆனால் இறக்கியதை வைக்க மெமரி கார்டு, அது நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க், அது பழுதானால் என்ன செய்வது என்று அதற்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க், கேட்க இரைச்சலை அடக்கும் ஹெட்செட். ஹெட்செட் இன்னும் டப்பாவில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ‘கேட்க வேண்டியது’ என்று ஒரு ஃபோல்டர், ‘அவசியம் கேட்க வேண்டியது’ என்று ஒன்று, ‘நிதானமாகக் கேட்க’ என்று இன்னொன்று. ‘கேட்டது’ என்ற பெயரில் எதுவும் என் கண்ணில் படவில்லை.

சும்மா கேட்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நாம் எல்லோருமே அப்படி வளர்ந்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டால் ரேடியோ இல்லாத வீட்டுக்காரர்களும் திண்ணையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் காதாலேயே பார்த்தார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் திருவிளையாடல் தருமி புலம்பலைக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் படத்துக்கு டிக்கெட் எடுத்தார்களா என்று யாரும் விசாரித்ததில்லை. 1984இல் ‘விதி’ வந்தபோது கோர்ட் வசன கேசட் ஓடாத டீக்கடை இல்லை. ஒரு டீயை வாங்கிக்கொண்டு தீர்ப்பு வரும்வரை நின்றவர்களில் மாமாவும் ஒருவர். வாரியார் சொற்பொழிவு, தென்கச்சியின் ‘இன்று ஒரு தகவல்’ எல்லாம் நமக்குக் காற்றில் வந்தவைதான். அப்போது மாமா கடைசிவரை நின்று கேட்டார். ‘விதி’ கோர்ட் காட்சியை இன்றைக்கும் இரண்டு வக்கீல்களின் குரலிலும் சொல்வார். நிறுத்தி வைத்து அப்புறம் கேட்கலாம் என்ற வசதி வந்த பிறகுதான் அவருக்குக் கேட்பது நின்றுபோனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, படிக்கக் கூடாது, டி.வி. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்த நாட்களில், கூப்பிடாமலே வந்தவர் மாமா. கையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு பென்டிரைவ். அம்மாவுக்கு ஒரே ஒரு பட்டனை மட்டும் தடவிப் பார்த்து அமுக்கச் சொல்லிக் கொடுத்தார். தென்கச்சி குரல் வந்ததும் அம்மா முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். மறுநாள் காலை ஆறரைக்கு போன் வந்தது. என்ன கேட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு நல்லவரோடு எனக்கு என்ன சண்டை என்றால், கத்திரிக்கோல்தான்.

யூடியூபில் ஒரு பெண் வாசிக்கிறார். குடும்பப் பெண் என்பது குரலிலேயே தெரியும், இடையில் ஒரு முறை குக்கர் விசில் கேட்கும். அரை மணி நேரம் வாசித்ததைத் திருத்தி, இருமலை வெட்டி, தடுமாறிய வரியை மறுபடி வாசித்து ஒட்டி முடிக்க அரை நாள் போய்விடும். தொடக்கத்தில் தன் பெயரைச் சொல்கிறார், பிடித்திருந்தால் சேனலில் சேரச் சொல்கிறார். அவ்வளவுதான் அவருடைய கூலி. மாமா அதிலிருந்து ஒலியை மட்டும் உருவி எடுக்கிறார். முதல் நாற்பது விநாடியை வெட்டுகிறார். “பேச்சு தொந்தரவுப்பா, நேரா கதைக்குப் போகலாம்ல?” பிறகு குடும்பக் குழு, காலனிக் குழு, பழைய ஆபீஸ் குழு, நடைப்பயிற்சிக் குழு என்று எல்லாவற்றிலும் போடுகிறார். கீழே ‘நன்றி: இணையம்’.

இணையம் என்பவர் யார்? அவர் எப்போது தொண்டை கட்டிக்கொண்டு வாசித்தார்?

இதைக் கேட்டால் மாமாவிடம் பதில் தயாராக இருக்கிறது. “கல்கியே இலவசம்டா. இவங்க குரல் மட்டும் என்ன காசு?” சட்டம் அப்படி இல்லை மாமா. எழுத்து பொதுவாகலாம், வாசித்த பதிவு பொதுவாகிவிடாது. வெளியிட்டதிலிருந்து 60 வருஷம் அது பதிவு செய்தவருடையது. எழுதியவருக்கோ அவர் காலமான பிறகும் 60 வருஷம். கல்கி 1954இல் போனார், சரி. சுஜாதா போனது 2008இல், அவர் எழுத்து 2068 முடிய வாரிசுகளுடையது. ஜெயகாந்தனுக்கு 2075 வரை இருக்கிறது. போன மாதம் ‘சுஜாதா முழுத் தொகுப்பு, ஃப்ரீ’ என்று அனுப்பினீர்களே, அது ஃப்ரீ இல்லை. தாமாகவே பொதுவில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். லிப்ரிவாக்ஸ் இருக்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் வரி வடிவில் கொட்டிக் கிடக்கின்றன. கொடுக்கிறவர்களிடம் வாங்குங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். கொடுக்காதவரிடம் எடுத்து, பெயரையும் வெட்டிவிட்டு, அதற்கு உங்களுக்கு நாங்கள் கைதட்டும் பொம்மை போட வேண்டுமா?

இதையெல்லாம் நேரிலும் சொல்லிப் பார்த்தேன். மாமா பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றத அப்படியே ஆடியோவா பேசி அனுப்பு, குரூப்ல போடுறேன்” என்றார்.

அப்போது அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “அந்தப் பொண்ணு பாவம், நந்தினி கதை சொல்ற இடத்துல அழுதுட்டே வாசிச்சா.”

மாமா திரும்பிப் பார்த்தார். நானும்தான். அத்தை பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய போன், அஞ்சறைப் பெட்டி மேல் சாய்த்து வைத்தது. மாமா வேண்டாமென்று தள்ளிவிட்டது. ஹெட்செட் இல்லை, ஃபோல்டர் இல்லை. ஒரே ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு, சேனலிலேயே கேட்டு, விளம்பரம் வந்தால் அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்து, அஞ்சு பாகத்தையும் முடித்திருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே ‘நல்லா இருந்தது மா’ என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் அத்தையைப் பெயர் சொல்லித் தெரியும்.

“கரிகாலன யாரு கொன்னான்னு உனக்குத் தெரியுமா?” என்றார் மாமா, கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

“கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க” என்று அத்தை விசிலுக்கு எழுந்து போனார்.

இதற்கு அப்புறமும் மாமா மாறவில்லை. நேற்று வந்தது மலேசியத் தமிழ்க் குரலில் முதல் அத்தியாயம். ஆகவே நண்பர்களே, நல்ல ஒலிநூல் எது என்று தெரிய வேண்டுமென்றால் மாமாவிடம் போகாதீர்கள், அத்தையிடம் கேளுங்கள். எந்தக் குரல் கடைசிவரை தாங்கும், எது நாலாவது அத்தியாயத்தில் நின்றுபோன சேனல் என்று புட்டுப் புட்டு வைப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் போனை எடுக்க மாட்டார், சிவகாமியின் சபதம் ஓடிக்கொண்டிருக்கும்.