பேனா விற்கும் படலம்

எங்கள் கல்லூரி வணிகவியல் மன்றத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வருவார். அவரை ரயிலடியில் வரவேற்று, பேச வைத்து, பொன்னாடை போர்த்தி, மறுபடி ரயிலேற்றி விடுவது 16 வருடமாக என் பொறுப்பு. ஆடிட்டர்கள் வந்திருக்கிறார்கள், வங்கி மேலாளர்கள் வந்திருக்கிறார்கள். அதிகம் வந்தது மார்க்கெட்டிங்காரர்கள்தான். ஆள்தான் வருடத்துக்கு வருடம் மாறுவார், ஆசாமி ஒருவரே.

ரயிலிலிருந்து முதலில் இறங்குவது குலுக்கத் தயாரான வலது கை. பிறகு அவர். பெட்டி கடைசி. கார் ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் என் பெயரை மூன்று தடவை சொல்லிவிடுவார். பெயர் மனத்தில் நிற்க அது ஒரு வித்தையாம். மூன்று தடவையும் வேறு பெயரைச் சொன்னவரும் உண்டு.

விசிட்டிங் கார்டில் முன்பெல்லாம் 'மண்டல விற்பனை மேலாளர்' என்றிருக்கும். இப்போது 'பிராண்ட் ஸ்ட்ராட்டஜிஸ்ட், மென்ட்டர், கதைசொல்லி'. அந்தக் கடைசிச் சொல்லை நம்பி எங்கள் தமிழ்த்துறைக்காரர் ஒருவர், "எந்தப் பத்திரிகையில சார் எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டார். விருந்தினர் அசரவில்லை. "லிங்க்ட்இன்ல" என்றார்.

வரவேற்புரைக்காக அவர் அனுப்பும் குறிப்பில் 'சிறு வயது முதலே மார்க்கெட்டிங் மீது தீராத காதல்' என்று தவறாமல் இருக்கும். படித்தது விலங்கியல். காதல் வந்த கதையைக் காரிலேயே சொல்லிவிடுவார். வங்கித் தேர்வு இரண்டு, குரூப் 4 ஒன்று, மூன்றும் காலை வாரிய பிறகு, திருநெல்வேலியில் ஒரு லாட்ஜ் அறையில் நடந்த நேர்காணலுக்குப் போயிருக்கிறார். கேட்டது இரண்டே கேள்வி. "வண்டி இருக்கா? லைசென்ஸ் இருக்கா?" வண்டி மாமாவுடையது. லைசென்ஸ் வேலை கிடைத்த பிறகு எடுத்தது. இது மேடையில் வராது.

மேடையில் முதலில் அவருடைய பென் டிரைவ் திறக்காது. திறந்ததும் மார்க்கெட்டிங் பாடத்தின் நான்கு 'பி'க்கள் வரும். 1960-இல் மெக்கார்த்தி வகுத்ததைக் கூசாமல் கோட்லர் கணக்கில் எழுதுவார். வருடா வருடம் அதை வகுப்பில் நடத்துகிற நான் வாய் திறப்பதில்லை. பொன்னாடை போர்த்தப் போகிற கை சிவப்பு மையைத் தொடக் கூடாது.

அடுத்தது ஷாம்பு. கடலூரில் 1983-இல் ரங்கநாதன் என்பவர் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு தொடங்கியதை, பக்கத்தில் நின்று பாக்கெட் ஒட்டியவர் மாதிரி சொல்வார். கிராமத்தில் பையன்களுக்குத் தலை தேய்த்துக் காட்டியது, காலிப் பாக்கெட்டுக்குப் புதுப் பாக்கெட் கொடுத்தது எல்லாம் வரும். நல்ல கதைதான், எத்தனை தடவை கேட்டாலும் நன்றாகவே இருக்கிறது. நம்மவர் அந்த வருடம் ஆறாம் வகுப்பில் இருந்திருப்பார் என்பதுதான் இடிக்கும்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவுவார். "இதை எனக்கு வித்துக் காட்டுங்க பார்ப்போம்." ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "சார், அது எங்க சார் பேனா. விருந்தினர் ஏட்டுல கையெழுத்துப் போட வாங்குனீங்க." பேனா என்னுடையதுதான். கூட்டம் முடிந்த பிறகும் அது திரும்பி வரவில்லை.

அறிவுரைகளும் உண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். தோல்வியை நேசியுங்கள். கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வாருங்கள். இதைக் கேட்டுக்கொண்டிருப்பது 300 பேர், நான்கு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றுவதில்லை. வெளியே வர வேண்டுமானால் முதலில் உள்ளே விட வேண்டும் அல்லவா?

போன வருடம் வந்தவரும் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். சங்கரன்கோவில் பக்கம் அப்பாவுக்கு மளிகைக் கடை.

"சார், மாசக் கடைசியில மட்டும் எங்கப்பா கேக்காத சரக்கையெல்லாம் ஏன் சார் கடையில இறக்கிட்டுப் போறாங்க?"

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்லைடு மாற்றுகிற கருவியை மேசையில் வைத்தார். அதுவரை பாதி ஆங்கிலத்தில் இருந்தவர் ஊருக்கு இறங்கிவிட்டார்.

"அந்தப் பாவத்தைப் பண்ணுனவன் நான்தாம்மா. கம்பெனிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல போய்ச் சேர்ந்தாலே அது விற்பனை. கடையில வித்துதா இல்லையான்னு யாரு பார்க்கா? 31-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு டார்கெட் இன்னும் பாக்கி. டிஸ்ட்ரிபியூட்டர் கால்ல விழாத குறையா நான் இறக்கிருவேன், அவரு உங்கப்பா தலையில இறக்கிருவாரு. அஞ்சாம் தேதி வரைக்கும் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேன்."

அரங்கம் அன்றுதான் சிரித்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"சாயந்தரம் ஆறு மணிக்குக் கடை வாசல்ல போய் நிக்காதீங்க. அண்ணாச்சி பருப்பு நிறுப்பாரா, உங்ககிட்ட பேசுவாரா? மத்தியானம் மூணு மணிக்குப் போங்க. போனதும் ஆர்டர் கேக்கக் கூடாது. 'டேமேஜ் ஏதும் இருக்கா அண்ணாச்சி?' இதுதான் முதல் வார்த்தை. தேதி முடிஞ்ச சரக்கைத் திருப்பி எடுத்தீங்கன்னா புதுசு தன்னால போகும். ஸ்கீம்னு சொல்லிட்டுக் கம்பெனி குடுக்கலேன்னா கைக்காசுல குடுங்க. ஒரு கடையில நான் 240 ரூபாய் அப்படிக் குடுத்தேன். பதினோரு வருஷம் அந்தக் கடை எனக்கு இல்லைன்னு சொன்னதில்ல."

இருபது நிமிடம். ஒரு ஸ்லைடு இல்லை. மாணவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பணிக்காலத்தில் அது அரிய காட்சி. பிறகு அவருக்கே ஏதோ நினைவு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஸோ, பேஷன் இஸ் எவ்ரிதிங்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்கு வருத்தம்தான்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷன் எதிரே பெட்டிக்கடையில் டீ சொன்னோம். கடை முகப்பில் ஷாம்புச் சரங்கள் தொங்கின. டீ வருவதற்குள் அவர் கை தானாக மேலே போய், பின்னால் கிடந்த ஒரு சரத்தை முன்னால் இழுத்துவிட்டு, முன்னால் தொங்கியதைப் பின்னால் தள்ளியது. முன்னால் வந்தது அவர் முதலில் வேலை பார்த்த கம்பெனியின் சரக்கு. விட்டு வந்து பதினைந்து வருடம் ஆகிறது.

கடைக்காரர் பார்த்துவிட்டார். "சார், கை வைக்காதீங்க. அந்த முன் கொக்கிக்கு இன்னொரு கம்பெனிக்காரங்க மாசாமாசம் காசு குடுக்காங்க."

நம்மவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு அண்ணாச்சி குடுக்காங்க?"