புளியமரத்தடி மாநாடு

தைப்பூசத்துக்கு, பெருநகர் என்கிற எங்கள் ஊரில் ஒரு மாநாடு நடக்கும். பிரம்மபுரீஸ்வரர்தான் ஹோஸ்ட். சுத்துப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் அலங்காரத்தோடு செய்யாற்று மணலில் வந்து இறங்கும். பேட்ஜ் கிடையாது, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கிடையாது. தீபாராதனை முடிந்ததும் அவரவர் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். இத்தனை பெரியவர்கள் கூடியும் ஒரு தீர்மானம்கூட போடாமல் கலைகிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மனிதர்கள் கூடினால் அப்படியா விடுவார்கள்? 1994 செப்டம்பரில் டெல்லியில் ஒரு சர்வதேச மாநாடு. ஒரு செடி ஏதோ ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டுப் பக்கத்துச் செடியை என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் சப்ஜெக்ட். அதாவது தாவரங்களின் குழாயடிச் சண்டை. அந்தச் சூட்டோடு ஒரு சங்கமும் ஆரம்பித்துவிட்டார்கள்: சர்வதேச அல்லெலோபதி சங்கம். எதை வளர்ப்பதென்றாலும் முதலில் சங்கம் வைக்க வேண்டும் என்பது மதுரையிலேயே முடிவான விஷயமாயிற்றே!

அல்லெலோபதி என்றதும் அலோபதியின் சித்தப்பா பையன் என்று நினைத்துவிடாதீர்கள். கிரேக்க வார்த்தை. ‘ஒருத்தரால் இன்னொருத்தருக்கு அவஸ்தை’ என்று அர்த்தம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் குடியிருக்கிற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தக் கோள்மூட்டலைத் தொடங்கிவைத்தவர் தியோஃப்ராஸ்டஸ். அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு அவருடைய பள்ளியை எடுத்து நடத்தியவர். சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னால் கொண்டைக்கடலை மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டார். நிலத்தின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது, களைகளைக் கொல்கிறது, அதிலும் முதலில் சாவது நெருஞ்சி என்று. நெருஞ்சி போனால் நல்லதுதானே, இதற்கு எதற்கய்யா புகார்? நாமானால் குற்றவாளியைத் தாளித்து, தேங்காய் தூவி, நவராத்திரிக்கு வீடு வீடாக விநியோகம் செய்துகொண்டிருக்கிறோம்.

அடுத்தவர் ரோமாபுரி பிளினி. வால்நட் மரத்தின் நிழலே ஆகாது, மனுஷன் தலைக்கே கெடுதி என்று எழுதிவைத்தார். நிழலுக்கே இவ்வளவு உஷார்! ஆனால் கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை புகைந்தபோது, ‘இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாமே’ என்று கப்பலை அந்தப்பக்கம் திருப்பச் சொன்னார். திரும்பி வரவில்லை. வால்நட் மரத்தில் ஜக்லோன் என்ற நச்சுப்பொருள் இருப்பதைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். மரத்தைப் பற்றி அவர் கணித்தது ஓரளவு சரி, மலையைப் பற்றித்தான் தப்பு.

இனி கதாநாயகன். ஹான்ஸ் மோலிஷ், வியன்னா பல்கலைக்கழகத்துக்கே ரெக்டராக இருந்தவர். ரிட்டயரான பிறகு பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு இருக்கலாம் இல்லையா? மனுஷன் 1928ல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார், ஜகதீஷ் சந்திர போஸின் ஆய்வகத்துக்கு. போஸ் அப்போது, செடிக்கும் நரம்பு மாதிரி ஒன்று உண்டு, அதற்கும் சுரணை உண்டு என்று உலகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செடி வளர்வதை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் அவர் கைவண்ணம். போஸுக்கு 70, மோலிஷுக்கு 72. இரண்டு தாத்தாக்களும் ஒரு தொட்டிச் செடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சியை யோசித்துப் பாருங்கள். செடிதான் கூச்சப்பட்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பி, 1937ல் மோலிஷ் ஒரு புத்தகம் போட்டார். அல்லெலோபதி என்ற பெயரை அதில்தான் வைத்தார். விஷம், வேர், வஞ்சம் என்று எதிர்பார்த்துப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஆப்பிள்! கண்ணாடி மூடிக்குள் ஆப்பிளையும் பட்டாணி நாற்றையும் சேர்த்து வைத்தால் நாற்று குறுகிப்போகிறது, காய்கள் சீக்கிரம் பழுக்கின்றன. காரணம் ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு. இதை ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேயர் 1934லேயே நிரூபித்திருந்தார். சப்போட்டாவை அரிசிப் பானைக்குள் புதைத்து மூடிவைத்த நம் பாட்டிக்கும் மோலிஷுக்கும் ஒரே வித்தியாசம்தான். பாட்டி பேர் வைக்கவில்லை, பழத்தைத் தின்றுவிட்டாள்.

பாவம், பேர் வைத்த அதே வருஷம் டிசம்பரில் மோலிஷ் காலமாகிவிட்டார். அவர் வயதை நினைத்தால் எனக்கு ஒரு கல்வெட்டுதான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தது. குடவோலை முறையில் தோட்ட வாரியத்துக்கு 12 பேரை எடுக்க ரூல்ஸ் போட்டிருக்கிறார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். கல்கத்தாவுக்குப் பதில் இந்தப்பக்கம் வந்திருந்தால் 72 வயதுப் பெரியவரின் மனு பரிசீலனையிலேயே தள்ளுபடி.

இந்தத் துறையின் உச்சக்கட்டக் காமெடி நடந்தது கலிஃபோர்னியாவில். அங்கே மலைச்சரிவில் சால்வியா என்ற வாசனைப் புதர். அதைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குப் புல் பூண்டு கிடையாது, மொட்டைத்தரை. அதைத் தாண்டினால் பச்சைப்பசேல். கார்னீலியஸ் முல்லர் என்ற பேராசிரியர் மோப்பம் பிடித்தார். புதர் ஆவியாக விடுவது கற்பூரமும், நம் தைலப் பாட்டிலில் இருக்கிற சினியோலும். ‘ஆஹா, விஷவாயு!’ 1964ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. உலகமே கைதட்டியது.

ஆறு வருஷம் கழித்து புரூஸ் பார்த்தாலமியூ என்பவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. மொட்டைத்தரையில் கொஞ்ச இடத்தைக் கம்பிவலை போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தார். வலைக்குள் புல் ஜம்மென்று முளைத்தது! வெளியே? எலியும் முயலும் புதருக்குள் குடியிருந்துகொண்டு, பருந்துக்குப் பயந்து ரொம்ப தூரம் போகாமல், வாசலிலேயே மேய்ந்து தீர்த்திருக்கின்றன. அதே சயன்ஸ் இதழ், 1970. ரசாயனமே இல்லை என்று ஆகிவிடாது, முல்லர் தரப்பும் விடாமல் பதில் எழுதியது. ஆனாலும் ஒரு பேராசிரியரின் விஷவாயுக் கோட்டையைக் கொறித்த பெருமை எலிக்குத்தான்.

பாடம் கற்றார்களா? இன்னொரு களைச்செடியின் வேர் கக்கும் விஷத்தைப் பற்றி 2003ல் அதே சயன்ஸ் தடபுடலாக ஒரு கட்டுரை போட்டது. 2010ல் வாபஸ்.

மாநாடுகள் மட்டும் வாபஸ் ஆகவில்லை. 1996ல் ஸ்பெயினின் காடிஸ், 1999ல் கனடாவின் தண்டர் பே, 2002ல் ஜப்பானின் சுகுபா, 2005ல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா. (சத்தியமாக ஊர் பேர்தான்.) காடிஸ் வருஷத்திலேயே சங்கம் தன் விளக்கத்தையும் விரித்துக்கொண்டது. செடி மட்டுமில்லை, பாசி, பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் உள்ளே. கெடுதல் மட்டுமில்லை, நல்லது செய்தாலும் உள்ளே. ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று போட்டால் பந்தியில் யாரைத் தடுப்பது?

இவர்களுடைய பரிசோதனையில் ஒன்றுக்குப் பெயர் சாண்ட்விச் முறை, யோஷிஹாரு ஃபுஜி என்ற ஜப்பானியரின் ஐடியா. அகர் ஜெல்லி இரண்டு அடுக்கு, நடுவில் காய்ந்த இலை, மேலே லெட்டூஸ் விதை. லெட்டூஸ்தான் இந்தத் துறையின் பலியாடு. எந்த மரத்தின் மேல் சந்தேகம் வந்தாலும் லெட்டூஸ் தலையில்தான் முதல் அடி.

நம்மவர்களும் சும்மா இல்லை. ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையைக் கற்பூரவல்லி இலைப்பொடி கொல்கிறது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் 2000ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். சளிக்கு நாலு இலை போதும். உத்திரமேரூர் ஏரிக்கு எத்தனை லாரி என்று கணக்குப் போட்டால் நமக்கே சளி பிடித்துவிடும்.

புளியமரத்தையும் ஜப்பானில் விடவில்லை. அதன் வேர் அக்கம்பக்கத்துச் செடிகளின் வளர்ச்சியில் கைவைக்கிறது என்று 2003ல் கட்டுரை வந்துவிட்டது. புளியமரத்தடியில் படுக்காதே, எதுவும் முளைக்காது, பேய் இருக்கிறது என்று நம் ஆட்கள் சொன்ன மூன்றில் நடுவில் உள்ளதற்கு மட்டும் இப்போது சர்ட்டிஃபிகேட் கிடைத்திருக்கிறது.

அதனால், உங்கள் வீட்டு மரத்தடியில் நட்ட துளசி வரவில்லை என்றால் உடனே வாகா வாகாவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு ஆட்டை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.